ஸ்டீராய்டு கிரீமை விடுவது எப்படி: ட்யூபின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது ட்யூபை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கன்னம் இரண்டும் லேசாகச் சூடாக இருந்தது, நான்காம் நாள் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், கண்ணாடியில் பார்த்தால் முகம் தக்காளிப் பழம். வெயில் பட்டிருக்கும் என்று அத்தை சோற்றுக்கற்றாழையை வழித்துத் தடவினார், அதற்கும் எரிந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கிரீமைப் பூசினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அடேயப்பா, என்ன நல்ல கிரீம், இது இல்லாமல் நமக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே இன்னும் எட்டு மாதம் பூசினேன்.

இரண்டாவது பையன் பிறந்தபின் கன்னத்தில் விழுந்த மங்குக்காக வாங்கியது அது. டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடையில் கேட்டேன், "இதைப் போடுங்கக்கா, பத்தே நாள்ல போயிடும்" என்று கொடுத்தார்கள், சொன்னபடி போகவும் செய்தது. பதினோராம் நாள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே ஒன்றே முக்கால் வருஷம். கடைசியில் ஒரு தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இது ஸ்டீராய்டுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது.

ஸ்டீராய்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிக் கிடைத்த பலனை எழுதினார்கள். அதற்கு முன்னால் கரப்பான் என்கிற எக்சிமாவுக்குத் தாரும் கட்டுத்துணியும்தான் கதி. சரியான நோய்க்குச் சரியான அளவில் சரியான நாள்கணக்கில் பூசினால் இது அருமையான மருந்துதான். நம் ஊரில் நடப்பது வேறு. பரு, தேமல், மங்கு, படர்தாமரை, கொசுக்கடி, கல்யாணப் பெண்ணின் நிறம் என்று எல்லாவற்றுக்கும் இது போகிறது. இந்தியாவில் பல நகரங்களின் தோல் பிரிவுகளில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரை விசாரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள், ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். 2011இல் வெளிவந்த கணக்கு இது. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்குத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ட்யூபைத் திருப்புங்கள்

எழுத்து பொடியாக இருக்கும், போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெயர் கம்பெனி வைத்த பெயர், அதில் ஒன்றும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்ற வரிதான் வேண்டும். குளோபீட்டசால், ஹாலோபீட்டசால் என்று இருந்தால் இருப்பதிலேயே மிக வீரியமான வகை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஃப்ளூசினோலோன் எல்லாம் நடுவில், மருந்தின் ரசாயன வடிவத்தையும் அளவையும் பொறுத்து மேலே கீழே போகும். ஹைட்ரோகார்ட்டிசோன், டெசோனைடு லேசானவை. பெயருக்குப் பின்னால் புரோப்பியோனேட், வேலரேட், ஃப்யூரோவேட் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டு இடத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்று சதவீதம். குளோபீட்டசால் 0.05, ஹைட்ரோகார்ட்டிசோன் 1 என்று போட்டிருந்தால் எது பலமானது? குளோபீட்டசால்தான், பல நூறு மடங்கு. அந்த எண்ணை வைத்து வேறு வேறு மருந்துகளின் வீரியத்தை எடை போடவே முடியாது. இன்னொன்று பெயர்க் குழப்பம். குளோட்ரிமசோல் என்பது பூஞ்சைக்கான மருந்து, அதில் ஸ்டீராய்டு கிடையாது. குளோபீட்டசால் ஸ்டீராய்டு. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடையில் வாயால் சொல்லி வாங்காமல் எழுதிக் கொண்டுபோங்கள்.

அப்புறம் கூட்டுக் கிரீம்கள். ஒரே ட்யூபில் ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று. குளோபீட்டசால், ஒஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், கூடவே ஒரு பூஞ்சை மருந்து என்று நான்கும் சேர்ந்த கலவை நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணம். எந்த நோய் என்று யாருக்கும் தெரியாதபோது எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவைத்த கூட்டாஞ்சோறு அது. மங்குக்குக் கொடுக்கும் மூன்று மருந்துக் கிரீமில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கூடவே மொமெட்டசோனோ ஃப்ளூசினோலோனோ இருக்கும். டாக்டர் பார்வையில் சில வாரம் பூச வேண்டிய அதைத்தான் நான் வருஷக்கணக்கில் பூசினேன்.

லேபிளே இல்லாத சின்ன டப்பா என்றால்? பியூட்டி பார்லரிலோ தெரிந்தவர் மூலமோ வந்தது, உள்ளே என்ன என்று எழுதவில்லை, மூன்றே நாளில் முகம் வெளுத்தது என்றால் ஸ்டீராய்டோ பாதரசமோ இரண்டுமோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரில் புரதம் போய்ச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களை 2021 முதல் 2023 வரை கவனித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே வில்லன் பாதரசம். "மூலிகைதான்" என்று யார் சொன்னாலும், உள்ளே இருப்பதை எழுதாத டப்பா முகத்துக்கு ஆகாது.

உடம்புக்குள் என்ன நடந்தது

கொஞ்சம் தெரிந்துகொண்டால் நிறுத்தும்போது பயம் குறையும், அதனால் சொல்கிறேன். ஸ்டீராய்டு தோலின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் குறைந்தால் சிவப்பு போய்விடும், நிறமி வேலையும் மந்தமாகும், முகம் வெளுத்தது போல் தெரியும். நாம் "கலர் வந்திருக்கு" என்று சந்தோஷப்படுவது இதைத்தான். வீக்கம், அரிப்பு எதுவும் வெளியே தெரியாது. ஆனால் கூடவே தோலின் அடித்தளத்தில், தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தியும் குறைகிறது. மாதக்கணக்கில் போனால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு நூல்கள் வெளியே தெரியும். பெண்களுக்குக் கன்னத்தில் பூனை முடி அடர்த்தியாகும், வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பரு வரும், வெயிலில் இரண்டு நிமிடம் நின்றால் காந்தும். இதற்கு மருந்தாக அதே கிரீமையே பூசுவோம். நாள்பட்டால் பழைய அளவு போதாமல் ஒரு வேளை இரண்டு வேளையாகும்.

நிறுத்தினால், இத்தனை நாள் சுருங்கிக் கிடந்த குழாய்கள் மொத்தமாக விரிகின்றன. பொங்கல் வைக்கப் போன இடத்தில் எனக்கு நடந்தது அதுதான். அது மங்கு திரும்பி வந்ததல்ல, மங்கு எரியாது. எரிந்தது கிரீம் இல்லாத தோல்.

எந்த இடத்தில் பூசினோம் என்பதும் முக்கியம். முன்கையில் ஒரு பங்கு உறிஞ்சினால் நெற்றியில் 6 பங்கு, தாடைப் பக்கம் 13 பங்கு, ஆண்களின் விதைப்பையில் 42 பங்கு உள்ளே போகும் என்று 1967லேயே அளந்து வைத்திருக்கிறார்கள். உள்ளங்கால் ஏறக்குறைய ஒன்றுமே உறிஞ்சாது. குதிகால் வெடிப்புக்கு அப்பா பூசும் அதே களிம்பைப் பெண்ணின் முகத்துக்கும் பையனின் தொடை இடுக்குக்கும் பூசும் வீடுகள் எத்தனை!

யார் தாமாக நிறுத்தக் கூடாது

கொசுக்கடிக்கு நாலு நாள், அரிப்புக்கு ஒரு வாரம் பூசினவர்கள் நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், ஒன்றும் ஆகாது. கீழே உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

உடம்பில் பெரிய பரப்பில், கை கால் முதுகு என்று, வீரியமான கிரீமை வாரக்கணக்கில் பூசியவர்கள். தோல் வழியே உள்ளே போகும் ஸ்டீராய்டைப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற தன் சொந்த ஸ்டீராய்டின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். குளோபீட்டசாலுக்கு வாரம் 50 கிராம், தொடர்ந்து 2 வாரம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்திருப்பது அதனால்தான். அதைத் தாண்டியவர்கள் திடீரென்று விட்டால் கடுமையான அசதி, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வரலாம். முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, தோலில் ஊதா வரிகள் விழுந்திருந்தால் இன்னும் கவனம்.

காளாஞ்சகப்படை, அதாவது சோரியாசிஸ் உள்ளவர்கள். வீரியமான கிரீமைச் சட்டென்று விட்டால் நோய் பல மடங்காக எகிறிவிடலாம், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாகவே கிளம்பும்.

கைக்குழந்தைகள். மாத்திரையாகவும் ஸ்டீராய்டு எடுப்பவர்கள். மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தவே கூடாது, அது வேறு கணக்கு.

முகத்தில் பூசியவர்கள் விடும் விதம்

இரண்டு வழி இருக்கிறது. சில டாக்டர்கள் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வார்கள், சிலர் படியிறக்குவார்கள். என் டாக்டர் இரண்டாவது ரகம். மொமெட்டசோனை எடுத்துவிட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் தினம் ஒரு வேளை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு என்று ஐந்து வாரத்தில் இறக்கினார். கூடவே டாக்ரோலிமஸ் என்ற களிம்பு. அது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலியவைக்காது, ஆனால் முதல் நாலைந்து நாள் பூசியதும் சுள்ளென்று எரியும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிப் பேர் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நானும் போட்டிருப்பேன். பருப் போலச் சீழோடு கிளம்பினால் டாக்சிசைக்ளின் மாதிரி மாத்திரை சில வாரம் தருவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு நடந்தது ஏறத்தாழ இப்படி. முதல் வாரம் ஒன்றும் இல்லை, இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டாம் வாரம் சிவப்பு ஆரம்பித்தது, சாயங்காலம் அடுப்படியில் நின்றால் நெருப்பு. மூன்றும் நான்கும் மோசம், கண்ணுக்குக் கீழே வீங்கி, வாய் ஓரம் உரிந்து, காலையில் தலையணையில் செதில் கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்விடுவேன். இரண்டு மாதத்தில் எரிச்சல் இருந்த நாட்களை விட இல்லாத நாட்கள் அதிகமாயின. ஐந்தாம் மாதம் வெளியே போகத் துணிந்தேன். இதைப் பொதுக் கணக்காக எடுக்க வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு வீரியம் பூசினீர்கள் என்பதைப் பொறுத்துச் சிலருக்கு இரண்டு வாரத்தில் அடங்கும், பல வருஷம் பூசியவர்களுக்கு வருஷத்தைத் தாண்டியும் போகும். நேர்க்கோட்டில் குறையவும் குறையாது, நன்றாக இருந்துவிட்டு ஒரு வாரம் மறுபடி பொங்கும். அப்படிப் பொங்கும் நாளில்தான் கை ட்யூபைத் தேடும். அன்றைக்கு ஒருமுறை பூசினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நான் இரண்டு தடவை இப்படி ஒன்றுக்குப் போயிருக்கிறேன்.

அந்த நாட்களில் உதவியவை மிகச் சாதாரணமான விஷயங்கள். முகம் கழுவப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் கூடாது. ஃபேஸ்வாஷ், ஸ்கிரப், பிளீச், ஃபேஷியல், த்ரெட்டிங் அத்தனைக்கும் லீவு. வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். உரியும் இடத்தில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. வெயிலுக்குக் குடை, அதற்கு மேல் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன், மற்ற சன்ஸ்கிரீன் எனக்கு எரிந்தது. தாளிப்பதை இரண்டு மாதம் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ஆண்கள் என்றால் சவரத்தை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள், ஆஃப்டர் ஷேவ் வேண்டவே வேண்டாம்.

உதவாதவை: எலுமிச்சை, தக்காளி, கடலை மாவு, குப்பைமேனி, மஞ்சள் பற்று. ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். மெலிந்து கிடக்கும் தோலில் எலுமிச்சையைத் தேய்ப்பது புண்ணில் தேய்ப்பதுதான். தேங்காய் எண்ணெய் கை கால் வறட்சிக்குச் சரி, முகத்தில் பரு கிளம்பியிருக்கும்போது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினம் கண்ணாடி பார்த்தால் முன்னேற்றமே தெரியாது, ஆறாவது போட்டோவை முதலாவதோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தூக்கமும் மனசும் கெடும், அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அரிப்புக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை இருக்கிறது.

எது திரும்பும், எது திரும்பாது என்றும் கேட்பீர்கள். சிவப்பும் எரிச்சலும் போகும், தோலின் தடிமன் பெருமளவு மீளும், பூனை முடி மெல்லக் குறையும். வெளியே தெரியும் ரத்தநூல்கள் சில தங்கிவிடும், லேசரில் எடுக்கலாம். தொடையிலும் அக்குளிலும் விழுந்த வரிகள் மங்குமே தவிர மறையாது. என் மங்கு? அது திரும்பி வந்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே. சன்ஸ்கிரீனோடு சமாதானமாக இருக்கிறோம்.

உடனே ஆஸ்பத்திரி

இதில் மட்டும் பொறுமை கூடாது. காய்ச்சலோடு தோல் சிவந்து சீழ் வடிந்தால். ஒரே அளவில் கொத்துக்கொத்தாக வலிக்கும் கொப்புளம் கிளம்பினால். உடம்பு முழுக்கச் சிவந்து குளிர் நடுக்கம் எடுத்தால். வாந்தியும் மயக்கமும் வந்தால். கண்ணிமையில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குக் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். பார்வை மங்கினால் அன்றைக்கே போங்கள், மங்காவிட்டாலும் ஒருமுறை கண் டாக்டரிடம் அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

படர்தாமரைக்குப் பூசியவர்களுக்கு வேறு வழி

இவர்கள்தான் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். படர்தாமரை பூஞ்சை. அரிப்பது பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடும் சண்டையால். கூட்டுக் கிரீமில் இருக்கும் ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார், பூஞ்சையும் நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் ஓரம் அழிந்து, வட்டத்துக்குள் வட்டமாகி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாது. மாறுவேடம் போட்ட படர்தாமரை என்ற பொருளில் இதற்கு 1968லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் இப்போது படர்தாமரை லேசில் போகாததற்கு இந்தக் கிரீம்கள் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், சின்னச் சோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை. பிறகு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து மட்டும். பரவியிருந்தால் இட்ராகோனசோல் போன்ற மாத்திரை, அதை டாக்டர்தான் எழுத வேண்டும், மற்ற மாத்திரைகளோடு மோதும். கூட்டுக் கிரீமை விட்ட முதல் வாரம் அரிப்பு கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பழையதற்குப் போய்விடாதீர்கள், அடங்கியிருந்த சண்டை மறுபடி தொடங்குகிறது, அவ்வளவுதான். களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் பூசாமல் சுற்றி இரண்டு விரல் அகலம் சேர்த்துப் பூசுங்கள். மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை, சாதாரணமாக இன்னும் இரண்டு வாரமாவது, விடாதீர்கள்.

மருந்தைவிட வீட்டு வேலை பெரிது. வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒரே துண்டு, ஒரே லுங்கி, ஒரே சோப்பு என்றால் சுற்றிச் சுற்றி வரும். அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள், கறுப்புக் கயிறு எப்போதும் ஈரமாகவே இருக்கும், இடுப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பரவுவது அதிலிருந்துதான். வீட்டில் பெரியவர்கள் முறைத்தால் வெள்ளியில் போட்டுக்கொள்ளலாம், அதையும் தினம் துடைக்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸ், ஈர ஜட்டி வேண்டாம். துணியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போட்டு, முடிந்தால் இஸ்திரி.

குழந்தைக்கு

டயபர் பகுதியில் சிவந்தால் அந்தக் கூட்டுக் கிரீமைப் பூசுவது ரொம்ப ஆபத்து. குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், அதன்மேல் டயபர் பிளாஸ்டிக் போல மூடி அழுத்துகிறது, மருந்து அப்படியே உள்ளே இறங்கும். சில மாதத்தில் கன்னம் உப்பிக் "கொழுகொழு"வென்று ஆன குழந்தையை எல்லோரும் கொஞ்சுவார்கள், ஆனால் அது உயரமாக வளராது, அடிக்கடி சளி காய்ச்சல் வரும். டயபர் புண்ணுக்கு டயபரைக் கழற்றிக் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு பூசினாலே பெரும்பாலும் ஆறும். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் டாக்டர். ஏற்கெனவே ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசியிருந்தால் நிறுத்துவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

பூசிய அத்தனை ட்யூபையும் பையில் அள்ளிக்கொண்டு போங்கள், பார்லர் டப்பா உட்பட. திட்டுவார் என்று மறைக்காதீர்கள், அவர் தினம் பத்துப் பேரைப் பார்க்கிறார். எப்போது ஆரம்பித்தது, ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்தது என்று சொன்னால் போதும், மிச்சக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

உங்களுக்கு உண்மையிலேயே கரப்பான் இருந்து அவர் ஸ்டீராய்டையே எழுதினால் மிரண்டு ஓடவும் வேண்டாம். இணையத்தில் சிவந்த தோல் படங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கரப்பானுக்கு ஒரு வாரம் எழுதிய லேசான களிம்பைக்கூடப் பூச மறுத்து, அது இரவெல்லாம் சொறிந்து ரத்தம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அது இன்னொரு கொடுமை. நிறுத்தியதால் வரும் சிவப்பா, கரப்பானே திரும்பியதா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அரிப்பைவிட எரிச்சல் தூக்கலாக இருப்பது, முன்பு நோயே இல்லாத இடமும் சிவப்பது, சட்டைக் கை போட்டது போல மணிக்கட்டில் சிவப்பு வெட்டி நிற்பது போன்ற அடையாளங்களை வைத்து அனுபவப்பட்டவர்கள்தான் கணிக்கிறார்கள்.

மருந்துச் சீட்டை வாங்கியதும் கேளுங்கள்: எந்த இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பதிலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அளவுக்கு ஒரு எளிய முறை இருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். அதே சீட்டை வைத்து ஆறு மாதம் கழித்து நீங்களாகவே மறுபடி வாங்குவது, பக்கத்து வீட்டுக்கு இரவல் தருவது இரண்டும் வேண்டாம்.

கடையில் சீட்டில்லாமல் கொடுக்கலாமா என்றால், கூடாது. முன்பெல்லாம் மேலே பூசும் மருந்துக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது, அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை, பூசும் வடிவத்திலும், டாக்டர் சீட்டு கட்டாயமான ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பது தனிக் கதை. மருந்தால் தொந்தரவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் பதியலாம், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.

கடைசியாக அந்தப் பழைய ட்யூப். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். நான் முழுசாகப் போட்டேன். பாதி மீதி இருக்கிறதே, வீணாகிறதே என்று மாமியார் எடுத்துக் கழுவிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பையனின் கொசுக்கடிக்காம்.